சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போன தண்டவாளம்: அந்த நிலம் யாருக்குச் சேரும்?

கேள்வி: காங்கேசன்துறையில் எங்கள் அம்மம்மாவின் சீதனக் காணி இருக்கிறது; உறுதிப்படி 5 பரப்பு. வடக்கு எல்லை "புகையிரதப் பாதை" என்று எழுதப்பட்டிருக்கிறது. சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போன கிளைத் தண்டவாளத்தைத்தான் அது குறிக்கிறது என்று அம்மா சொல்கிறார். 1990-இல் இடம்பெயர்ந்து, இராணுவத்திடமிருந்து காணி விடுவிக்கப்பட்ட பிறகு திரும்பி வந்தோம். தண்டவாளம் இப்போது இல்லை, பற்றைதான் இருக்கிறது. அந்தத் துண்டையும் சேர்த்து மதில் கட்டலாமா? அயலில் ஒருவர், "றெயில்வே அதைக் கைவிட்டுவிட்டது, உங்கள் பெயரில் முடித்துத் தருகிறேன்" என்று முற்பணம் கேட்கிறார். மறுபடியும் பாதை போடுவார்களா என்ற யோசனையும் இருக்கிறது. (ஓர் ஆசிரியை, தெல்லிப்பழை)

பதில் (உரிமம் பெற்ற நில அளவையாளர்):

முற்பணம் கொடுக்காதீர்கள்; அந்தத் துண்டுக்குள் மதிலும் கட்டாதீர்கள். மிகுதியை ஆறுதலாக வாசிக்கலாம்.

பாதை மறுபடி வருமா என்பதை நீங்கள் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் வருபவர்களில் அநேகர் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பாதை வராவிட்டால் நிலம் தானாகவே பக்கத்துக் காணிக்காரரிடம் வந்து சேரும் என்ற நம்பிக்கை எப்படியோ நம் ஊர்களில் வேரூன்றிவிட்டது. அப்படி ஒரு சட்டம் இந்நாட்டில் இல்லை. கோச்சி ஓடாமல் விட்டதனால் ஒரு நிலம் உரிமையாளர் அற்ற நிலம் ஆகிவிடுவதில்லை. ஆகவே உங்கள் விடயத்தில் முதலில் தெரிய வேண்டியது அந்த நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதே.

அதற்குச் சிறிது பழைய கதை தேவை. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான பாதை 1902-இல் திறக்கப்பட்டது. 1905-இல் அது தென்னிலங்கைப் பாதையோடு இணைந்தது. சீமெந்துத் தொழிற்சாலை 1950-இல்தான் உற்பத்தியைத் தொடங்கியது. ஆகவே பிரதான பாதைக்கு நிலம் எடுத்த காகிதங்களும், தொழிற்சாலைக்குக் கிளை போட நிலம் எடுத்த காகிதங்களும் வேறு வேறு காலத்தவை. அவற்றை வைத்திருக்க வேண்டிய அலுவலகங்களும் வேறு வேறாக இருக்கலாம். பொதுவாக, பிரதான பாதையிலிருந்து பிரிகின்ற பகுதி புகையிரதத் திணைக்களத்துக்கும், தொழிற்சாலை வேலிக்கு உட்பட்ட பகுதி தொழிற்சாலையை நடத்திய அரச கூட்டுத்தாபனத்துக்கும் உரியதாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற துண்டுதான் தலையிடி. திணைக்களத்தில் கேட்டால் தொழிற்சாலையின் நிலம் என்பார்கள். தொழிற்சாலையைக் கவனிக்கும் அமைச்சில் கேட்டால் றெயில்வேயின் நிலம் என்பார்கள். ஒருவரை மற்றவர் கைகாட்டும் இந்த இடைவெளியில்தான் தரகர் கடை விரிக்கிறார்.

இனி உங்கள் உறுதிக்கு வருவோம். வடக்கு எல்லை "புகையிரதப் பாதை" என்று எழுதியிருப்பது உங்களுக்குச் சாதகமான வரி என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் அது உங்களுக்கு எதிரான வரி. எல்லையாகச் சொல்லப்பட்ட பொருள் காணிக்கு வெளியே இருக்கிறது. அந்த உறுதியை எழுதிய நாளிலேயே அந்தத் துண்டு உங்கள் குடும்பத்துக்கு உரியதல்ல என்று உங்கள் முன்னோரே ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்திருக்கிறார்கள். எனவே இந்த உறுதியோடு நிற்காமல், இதற்கு முந்திய மூல உறுதியைத் தேடுங்கள். யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் பதிவுப் பக்கத்தின் பிரதியைப் பெற்றால் பின்னோக்கிப் போகலாம். பழைய உறுதியில் விஸ்தீரணம் 6 பரப்பாகவும், வடக்கு எல்லை இன்னாருடைய காணி என்றும் இருந்து, பிந்திய உறுதியில் அது 5 பரப்பாகவும் புகையிரதப் பாதையாகவும் மாறியிருந்தால், இடையில் ஒரு பரப்பு எடுக்கப்பட்டிருக்கிறது என்று விளங்கும். அப்போது நட்டஈடு கொடுக்கப்பட்டதா என்ற கேள்வி எழும். கொடுக்கப்பட்டிருந்தால் கதை அத்தோடு முடிந்தது.

காகிதம் கிடைக்கும்வரை நிலத்தையும் ஒருமுறை கவனியுங்கள். சில வருடங்களுக்கு முன் வலிகாமம் வடக்கில் இதேபோன்ற ஒரு காணியை அளக்கப் போயிருந்தேன். உரிமையாளர், "இங்கே தண்டவாளம் இருந்ததே இல்லை, ஐயா" என்று சத்தியம் செய்தார். வேலியோரம் நின்ற வேம்புக்கு அருகில் மண்வெட்டியால் அரை அடி கொத்தச் சொன்னேன். செம்மண்ணுக்குள்ளிருந்து கறுப்புக் கருங்கல் சல்லி வெளியே வந்தது. எங்கள் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல். கருங்கல் சல்லி வெளியிலிருந்து ஏற்றிவந்தாலன்றி இங்கே நிலத்துக்குள் இருக்க வழியில்லை. சல்லி போகிற திசையில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் கொத்திக்கொண்டு போனோம். ஒரு வளைவு அப்படியே தெரிந்தது. நம் ஊர்க் காணிகளின் எல்லைகள் பெரும்பாலும் நேர்கோடுகளே. ஒரு வேலி காரணமில்லாமல் அரைவட்டமாக வளைந்தால், அங்கே ஒரு காலத்தில் புகைவண்டி திரும்பியிருக்கலாம் என்று நான் சந்தேகப்படுவேன். இரு தண்டவாளங்களுக்கும் இடையே 5 அடி 6 அங்குலம்தான் என்றாலும், பாதைக்கென எடுக்கப்பட்ட நிலம் அதைவிட நன்கு அகலமானது. சல்லி முடிகிற இடத்தில் அரச நிலமும் முடிகிறது என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

இந்தத் தரகர்களைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன். எத்தனை முதியவர்கள் ஏமாந்து வந்து என் மேசைக்கு முன்னால் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இது அதிகமும் இல்லை. அவர்கள் பொதுவாக மூன்று காகிதங்களைக் காட்டுவார்கள். முதலாவது, உங்கள் காணியையும் அந்தத் துண்டையும் ஒரே நிறத்தில் தீட்டிய நில அளவைப் படம். படம் எவருக்கும் உரித்துத் தராது. நான் வரைந்தாலும் தராது. இரண்டாவது, நீங்கள் அங்கே வசிக்கிறீர்கள் என்ற கிராம அலுவலரின் கடிதம். வசிப்பது வேறு, உரிமை வேறு. மூன்றாவதுதான் ஆபத்தானது: நீண்டகால ஆட்சியால் இந்நிலம் எனக்கு உரித்து என்று நீங்களே நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக்கொள்ளும் பிரகடன உறுதி. தனியார் காணியில் 10 வருட எதிரிடை ஆட்சி, அதாவது உரிமையாளருக்கு எதிராக அத்தனை வருடம் ஆண்டு வந்ததால் உரித்து என்ற வாதம் உண்டு. அரச காணிக்கு எதிராக அந்த வாதம் எடுபடாது. அதோடு, 1990 ஜூனுக்குப் பிறகு அங்கே நீங்களும் இருக்கவில்லை, நானும் இருக்கவில்லை, காகம்கூட அனுமதி கேட்டுத்தான் பறந்தது. அந்த வருடங்களை எல்லாம் "நான் இடையறாது ஆண்டு வந்தேன்" என்று சத்தியக்கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைப்பது பொய்ச் சத்தியம். தரகர் கையெழுத்து வைக்கமாட்டார், நீங்கள்தான் வைப்பீர்கள்.

இன்னொரு வகைத் தரகரும் உண்டு. "கிடக்கிற இரும்பை நாங்கள் எடுத்துப்போகிறோம், உங்களுக்குக் காணி துப்புரவு, எங்களுக்குப் பழைய இரும்பு" என்பார். யுத்த காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். அதனால் இரும்பு யாருடையது என்ற கூச்சம் பலருக்கு விட்டுப்போயிற்று. உங்கள் வளவுக்குள் ஒரு துண்டுத் தண்டவாளம் புதைந்திருந்தாலும் அது அரச சொத்து. 1982-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கப் பொதுச் சொத்துகளுக்கு எதிரான குற்றங்கள் சட்டத்தின் கீழ் அகப்பட்டால் பிணை எடுப்பதே பெரும்பாடு.

சரி, மதில் கட்டிவிட்டால் என்ன நடக்கும்? பல வருடம் எதுவும் நடக்காமல் இருக்கலாம். பிறகு ஒருநாள், 1979-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க அரச காணிகள் (ஆட்சி மீளப் பெறல்) சட்டத்தின் கீழ் வெளியேறும்படி ஓர் அறிவித்தல் வரும். குறைந்தது 30 நாள் தவணை தருவார்கள். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றம். அங்கே உங்கள் உறுதியையும் பரம்பரைக் கதையையும் சொல்ல முடியாது. அரசு தந்த செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே விசாரிக்கப்படும்.

உங்களுக்கு யாராவது "39அ பிரிவின்படி திருப்பி எடுக்கலாம்" என்றும் சொல்லியிருப்பார்கள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அரைகுறையாக இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் அதிகம். 1950-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தில், எடுத்த காணியை அமைச்சர் உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வழி செய்யும் பிரிவு அது. அதற்கு நான்கு நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்த வேண்டும்: அக்காணிக்காக எவருக்கும் நட்டஈடு கொடுக்கப்பட்டிருக்கக் கூடாது, காணி பொதுத் தேவைக்குப் பயன்படுத்தப்பட்டிருக்கக் கூடாது, அதில் மேம்பாடு எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது, திரும்பப் பெறுபவர் உடனே பொறுப்பேற்க எழுத்தில் சம்மதிக்க வேண்டும். தண்டவாளம் போட்டு வண்டி ஓட்டிய நிலத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் எப்படிப் பொருந்தும்? சீமெந்து ஏற்றிய வண்டி ஒருமுறை அவ்வழியே போயிருந்தாலும் நிலம் பயன்படுத்தப்பட்டதாகிவிடும். மேலும், இப்பிரிவு 1950 சட்டத்தின் கீழ் ஆட்சி எடுத்த காணிகளுக்கே உரியது; அதற்கு முன் 1876-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எடுத்த காணிகளுக்கு அதைக் காட்டிப் பயனில்லை. எனினும் ஓர் இடத்தில் இது உதவலாம்: பாதையை அகலப்படுத்தவென எடுத்து, கல்கூடப் போடாமல், பணமும் கொடுக்காமல் விட்ட பக்கத்துத் துண்டு இருந்தால், அந்தத் துண்டுக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். 2013-இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கு ஒட்டப்பட்ட அறிவித்தல்களோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவின் கீழ், காணி தேவைப்படுகிறது என்று சொல்லும் ஆரம்ப அறிவித்தல்கள். சீமெந்துத் தொழிற்சாலைக்குப் பாதை போட நிலம் எடுத்ததற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒன்றாக்கி, "அரசாங்கம் விட்டுவிட்டது" என்று சொல்பவர் ஒன்றும் தெரியாதவர், அல்லது எல்லாம் தெரிந்தவர்.

பாதை திரும்ப வருமா? பிரதான பாதை யாழ்ப்பாணம் வரை 2014 ஒக்ரோபரிலும், காங்கேசன்துறை வரை 2015 ஜனவரியிலும் மீண்டும் திறக்கப்பட்டது. 1990-இல் நின்ற தொழிற்சாலையோ இன்றுவரை இயங்கவில்லை. தொழிற்சாலை இல்லாமல் கிளைக்கு வேலை இல்லை. பழையபடி சுண்ணாம்புக்கல் அகழ்ந்து சீமெந்து செய்வார்கள் என்று நான் நம்பவில்லை. பெரும்பாலும் நிலத்தடி நீரையே நம்பி வாழும் குடாநாட்டில் அதற்கு வரக்கூடிய எதிர்ப்பு நியாயமானது. ஆனால் தொழிற்சாலை நிலத்தில் வேறு கைத்தொழில் வரலாம். காங்கேசன்துறையிலும் மாங்குளத்திலும் பரந்தனிலும் கைத்தொழில் வலயங்கள் அமைப்பதாக 2025-இல் அரசாங்கம் அறிவித்தது. நாகபட்டினத்திலிருந்து 2023 ஒக்ரோபரில் பயணிகள் கப்பல் வரத் தொடங்கியது. துறைமுக விருத்திக்கு இந்திய உதவியும் பேசப்பட்டிருக்கிறது. துறைமுகத்துக்கும் வலயத்துக்கும் நடுவில் ஏற்கெனவே எடுத்த ஒரு நிலப்பட்டி இருக்கும்போது அதை விட்டுக்கொடுக்க எந்த அதிகாரியும் அவசரப்படமாட்டார். தண்டவாளம் போடாவிட்டாலும் வீதி போடலாம், நீர்க்குழாய் புதைக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது இது. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று விண்ணப்பங்கள் எழுதுங்கள்: தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்துக்கு ஒன்று, புகையிரதத் திணைக்களத்துக்கு ஒன்று, தொழிற்சாலைக்குப் பொறுப்பான அமைச்சுக்கு ஒன்று. "பாதையின் எதிர்காலம் என்ன" என்று கேட்காதீர்கள். "பரிசீலனையில் உள்ளது" என்ற அழகான பதில் வரும். இன்ன இடத்திலுள்ள இந்த நிலம் எந்த வர்த்தமானி அறிவித்தலின் கீழ் எடுக்கப்பட்டது, அதன் பூர்வாங்க வரைபட (எடுத்த நிலத்தைக் காட்டும் அளவைப் படம்) இலக்கம் என்ன, நட்டஈடு யாருக்குக் கொடுக்கப்பட்டது, இன்று எந்த நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது என்று நான்கு கேள்விகள் மட்டும் கேளுங்கள். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். ஓர் அலுவலகத்தில் ஒரே கோப்புக்காக நான் ஏழு முறை போனேன். எட்டாம் முறை போனபோது, கோப்பு தேடப்படுகிறது என்று எனக்கு எழுதிய கடிதத்தின் பிரதிதான் அந்தக் கோப்பில் இருந்த ஒரே காகிதம். வீட்டைக் கட்ட முதலில் காணியை விடுவியுங்கள் என்று மக்கள் இருபத்தைந்து வருடம் கேட்டார்கள். விடுவித்த பிறகு எல்லை எது என்று சொல்ல ஒரு வரைபடம் கேட்டால், அதற்கும் அதே பொறுமை வேண்டியிருக்கிறது.

நிலம் புகையிரதத் திணைக்களத்துக்குரியது என்று பதில் வந்தால், ஒதுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடும் வழக்கம் அவர்களிடம் உண்டு. நேரடியாக நீங்களே விண்ணப்பியுங்கள், இடையில் எவரும் வேண்டாம். குத்தகை கிடைத்தாலும் அதில் நிரந்தரக் கட்டடம் எழுப்ப எண்ண வேண்டாம். தோட்டம் செய்யலாம், வாழை வைக்கலாம்.

மதிலைப் பொறுத்தவரை, உரிமம் பெற்ற ஓர் அளவையாளரைக் கூப்பிட்டு உங்கள் 5 பரப்பை மட்டும் அளந்து, அந்தத் துண்டைப் படத்தில் தனித்துண்டாகக் காட்டச் சொல்லுங்கள். எல்லைக் கல் நாட்டும்போது வடக்குக் கோட்டில் வளைவு எங்கே தொடங்குகிறதோ அங்கே ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என மூன்று கற்களாவது வேண்டும். இரண்டு கல்லை நட்டு நேர்கோடு இழுத்தால் வளைவின் வயிறு முழுவதும் தவறான பக்கத்தில் சேர்ந்துவிடும். அத்திவாரம் வெட்டும் மேசனிடம் கல்லுக்கு உட்புறமாக ஓர் அடி விட்டு வெட்டச் சொல்லுங்கள். வடக்குப் பக்கத்துப் பற்றையை வெட்டித் துப்புரவாக்கலாம். பாம்புக்கு எந்தத் திணைக்களமும் பொறுப்பேற்காது.