தின்கிற பெண்

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு ஓவியர் பிசாரோவின் ‘ஆப்பிள் பறித்தல்’ (1886) ஓவியத்தைப் பார்த்தேன். தூக்கிய கோல், குனிந்த முதுகு, கொளுத்தும் வெயில். உழைப்புச் சுரண்டலின் படம் என்றே தோன்றுகிறது. சரியா? நிழல் ஏன் ஊதா நிறம்? கோலால் அடித்தால் பழம் கெட்டுவிடாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பத்து நாளாக இதே படத்தின் அச்சுப்பிரதிதான் என் மேசைமேல் கிடக்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நிழலின் நிறத்தை ஓவிய மாணவர் யாரிடமாவது கேளுங்கள், சொல்வார்கள். சொரா என்ற இளம் ஓவியரைப் பார்த்து பிசாரோ சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தீட்டத் தொடங்கிய காலம் அது. கோலால் அடிப்பது பிரான்சின் நார்மண்டிப் பக்கத்து வழக்கம். சைடர் என்ற ஆப்பிள் மதுவுக்குப் பிழியப்போகும் பழம் அடிபட்டால் என்ன?

ஆனால் ‘சுரண்டல்’ என்று எழுதினீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். படத்தில் மூன்று பெண்கள். ஒருத்தி உலுக்குகிறாள், ஒருத்தி பொறுக்குகிறாள். மூன்றாமவள் எங்கே போனாள் உங்கள் கடிதத்தில்? அவள் ஆப்பிளைக் கடித்துத் தின்றுகொண்டிருக்கிறாள்! ஏவாள் என்று சொல்லி அவளைக் கடந்துவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அவள் பசித்தவள், அவ்வளவுதான். வேலை நேரத்தில் தின்கிறாள், யாரும் அதட்டவில்லை. கங்காணியை அந்தத் தோட்டத்துக்குள்ளேயே விடவில்லை பிசாரோ. அவர் அரசின்மைவாதி, அரசும் அதிகாரமும் வேண்டாம் என்றவர். சுரண்டலை வரையத் தெரியாதவரல்ல; 1889-ல் பாரிஸ் நகரத்துக் கொடுமைகளை 28 சித்திரங்களாக வரைந்து தம் உறவுப் பெண்களுக்கு அனுப்பியவர். தாம் குடியிருந்த எரான்யி கிராமத்து ஆப்பிள் மரத்தடியில் அவர் வரைந்தது வேறு. வேலை இப்படி இருக்கலாமே என்ற ஆசை அது.

எனக்கு ஒன்பது வயது. மாங்காய்ப் பருவத்தில் அம்மா குத்தகைத் தோப்புக்குக் கூலிக்குப் போவாள், கூடவே நானும். ஆண்கள் மேலே தொரட்டி போடுவார்கள். பெண்கள் கூடை சுமப்பார்கள். மாம்பால் பட்டு அம்மாவின் மணிக்கட்டில் கறுப்புக் கறுப்பாக வெந்திருக்கும். சாயங்காலம் வாசலில் வரிசையாக நின்று மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். ஒருநாள் அணில் கடித்த பழம் ஒன்றை எனக்காக எடுத்து வைத்திருந்தாள். மேஸ்திரி அதைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தான். கூலியிலும் பிடித்தம். விற்கவே முடியாத பழம், ஆர்.! காசுக்காகவா அதைப் பிடுங்கினான்? இவள் தின்னக் கூடாது, அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதைத்தான் நான் சுரண்டல் என்பேன். குனிந்த முதுகைக் கண்டதும் இரக்கப்பட எல்லோராலும் முடியும். தின்கிறவளைப் பார்க்காமல் விட்டீர்கள் என்றால், பிசாரோ எதற்குப் புள்ளி புள்ளியாக உட்கார்ந்து வைத்தார்? இன்னொரு தடவை பாருங்கள். உங்களுக்குக் கண் இருக்கிறது, அவசரம்தான் அதிகம்.

போன வாரம் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். எண்பது வயது. கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். கோல் பிடித்தவளையும் குனிந்தவளையும் தாண்டி, தின்கிறவள்மேல் விரல் வந்து நின்றது.

“இவ யாரு, தோப்புக்காரியா?” என்று கேட்டாள்.