கிழமைக் கட்டும் சீட்டும்

வணக்கம். 1977க்குப் பிறகு வந்த திறந்த பொருளாதாரம்தான் எங்கள் சனத்தின் ஒழுக்கத்தைக் கெடுத்தது என்பது என் எண்ணம். முன்பு வாய்ப்பேச்சிலேயே கடன் கொடுத்தோம். இப்போது என் மருமகளின் நுண்கடன் குழுவில், காசு கட்டாதவளின் வாசலில் போய் நிற்பதே அயல் பெண்கள்தான். பள்ளிக்கூடத்தில் அறநெறியை ஊன்றிப் படிப்பித்தால் மாறுமா? அவள் குழுவிலிருந்து விலகலாமா?
கே., களுவாஞ்சிகுடி

அன்புள்ள கே. ஐயாவுக்கு,

முந்திய காலத்தின் மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. விதைநெல்லுக்குக் கொடுத்த கடனைச் சூடடித்த களத்திலேயே வட்டியோடு அளந்தெடுத்த போடிமாரும், அதாவது பெரிய வயற்காரரும், நம் ஆட்கள்தான். வாய்ப்பேச்சு போதுமென்றால், குத்தகைக்குச் செய்பவரை வயலிலிருந்து கிளப்பாமல் காக்க 1958இல் நெற்காணிச் சட்டம் எதற்கு?

வாசலில் நிற்கும் அதே பெண்கள் சீட்டும் பிடிக்கிறார்கள். அங்கே ஒருத்திக்கு அவசரமென்றால், "எனக்கு வாற சீட்ட நீ எடு புள்ள, நான் பொறகு எடுக்கன்" என்று விட்டுக்கொடுப்பார்கள். குழுக்கடனில் வேறு விதி. கிழமைக் கட்டு, அதாவது வாராந்தத் தவணை, வாங்க வரும் லோன்காரப் பொடியன் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பான். முழுத்தொகையும் சேராமல் எழும்ப மாட்டான். ஒருத்தியிடம் குறைந்தால் மற்றவர்கள் போட வேண்டும். கூலிவேலையை விட்டுவந்து வெயிலில் காத்திருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஒருத்தியின் தோடு அடகுக்குப் போவதும் அப்படித்தான். பொடியனைத் திட்டியும் பயனில்லை, வசூல் குறைந்தால் அவன் கொமிஷனில் கை வைப்பார்கள்.

இத்தனைக்கும் மூல எண்ணம் நல்லது. அடகு வைக்க ஏழையிடம் சொத்தில்லை, அயலவரின் நம்பிக்கை இருக்கிறது என்றுதான் வங்காளதேசத்தில் முகம்மது யூனுஸ் தொடங்கினார். 1983இல் அது கிராமின் வங்கியானது, 2006இல் நோபல் பரிசும் வந்தது. இலாபமே குறியான கம்பனியின் கையில் அந்த நம்பிக்கையே அடகுப் பொருளாகிவிட்டது. இலங்கையில் 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. கடன் போனது சரி, அயலவரையே பிணையாக்கும் முறை அப்படியே இருக்கிறது.

அறநெறிப் பாடம் வைக்கட்டும், வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிறு படித்ததைத் திங்கட்கிழமைக் கட்டு தின்றுவிடும்.

மருமகள் விலகலாம். ஆனால் மற்றவர்களுக்காகப் பிணைக் கையெழுத்து வைத்திருந்தால், அவர்களின் கடன் முடியும்வரை அது பொதுவாக விடாது. முதலில் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழ்ப் பிரதி கேட்டு வாங்கிய பிறகு பேசச் சொல்லுங்கள்.