சிங்கப்பூர் வேலைக்குப் போகிறேன், காரைக்குடி வங்கிக் கணக்கை அப்படியே விடலாமா?

விடக்கூடாது. வேலைக்காக நாடு மாறியதும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர். பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (NRO, வெளிநாடுவாழ் இந்தியரின் சாதாரண ரூபாய்க் கணக்கு) கணக்காக மாற்ற வங்கியில் எழுதிக் கொடுங்கள். வீட்டு வாடகை போன்ற உள்ளூர் வரவு அதில் விழும். வட்டியில் 30 சதவீத வருமான வரியும், அதன் மேல் செஸ் என்னும் கூடுதல் வரியும் பிடிப்பார்கள். கூடுதலாகப் பிடித்திருந்தால் வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், சோம்பிவிடாதீர்கள்.

சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கு என்ஆர்இ (NRE, வெளிநாட்டு வருமானத்தைப் போடும் ரூபாய்க் கணக்கு) கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரியில்லை. பணத்தைத் தடையின்றித் திரும்ப எடுத்துப் போகலாம்.

ஏன் இரண்டு? எந்தப் பணம் இங்கே விளைந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று பிரித்தறியத்தான். நம் செட்டிநாட்டு வளவு வீட்டை நினையுங்கள்: கூரை ஒன்று, ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும், தனி அறை, தனிப் பூட்டு.

“இந்தியப் பாஸ்போர்ட்தானே வைத்திருக்கிறேன், எதற்கு மாற்றணும்?” என்று பலர் கேட்கிறார்கள். இங்கே பார்ப்பது குடியுரிமையை அல்ல, நீங்கள் வசிக்கும் நாட்டை.