குழந்தைக்கு தினமும் உடம்பில் தடிப்பு வருகிறது, காரணமே பிடிபடவில்லை. எந்தச் சாப்பாட்டை நிறுத்துவது?

நீங்கள் எழுதியிருப்பது: பையனுக்கு நான்கு வயது. பத்து நாளாக, சாயங்காலம் ஆனால் பத்தை பத்தையாகத் தடித்து அரிக்கிறது, காலையில் பார்த்தால் தோல் சுத்தமாக இருக்கிறது. முட்டை, பால், கத்தரிக்காய், கருவாடு எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. அடுத்து எதை நிறுத்துவது?

எதையும் நிறுத்தாதீர்கள். நிறுத்தியதையே எப்போது திரும்பக் கொடுக்கலாம் என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. என் மகள் யு.கே.ஜி. படித்தபோது, திடீரென்று தடித்து அரித்து மறைகிற இதே காணாக்கடி ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டை ஆட்டி வைத்தது. அப்போது மருத்துவரிடம் கேட்டும், பிறகு படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் சாப்பாடு. உணவு ஒவ்வாமைக்கு ஒரு நடைமுறை உண்டு. சாப்பிட்ட சில நிமிடங்களில், மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு வந்துவிடும். அதே பொருளை அடுத்த முறை சாப்பிட்டாலும் வரும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கியும் விடும். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட முட்டை இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தடிப்பைக் கிளப்பாது. நேற்று வரைக்கும் தொந்தரவில்லாமல் குடித்த பாலின் மேல் திடீரென்று சந்தேகப்படுவதற்கும் பெரிய அடிப்படை இல்லை. மீனில் மட்டும் ஒரு விஷயம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களைச் சரியாக ஐஸில் வைக்காவிட்டால் மீனிலேயே ஹிஸ்டமின் என்ற, தடிப்பையும் அரிப்பையும் கிளப்பும் ரசாயனம் சேர்ந்துவிடும். குழம்பு வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடம்பு தடிக்கும், அன்று அந்த மீனைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் வரலாம். அது கெட்டுப்போன மீனின் வேலை, மீன் ஒவ்வாமை ஆகாது.

அந்த ஹிஸ்டமின்தான் உங்கள் பையன் தோலிலும் வேலை செய்கிறது. தோலுக்கு அடியில் மாஸ்ட் செல்கள் என்று உண்டு. அவை தூண்டப்பட்டால் ஹிஸ்டமினைக் கொட்டும், நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும், அந்த இடம் வீங்கி அரிக்கும். எது தூண்டியது என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறோம். குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படும் காரணம் சாதாரண வைரஸ் தொற்று: சளி, தொண்டை வலி, வயிற்றுப்போக்கு. காய்ச்சல் விட்ட பிறகும் தடிப்பு சில நாட்களோ சில வாரங்களோ வந்து வந்து போகலாம். பத்து நாளைக்கு முன்பு பையனுக்கு மூக்கு ஒழுகியதா என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் காரணம் தெரியாமலே போய்விடலாம், அப்படிப் போகிற குழந்தைகள் நிறைய. கேட்க எரிச்சலாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது.

இந்த இடத்தில் இன்னொரு குழப்பம். காய்ச்சலுக்கு அமாக்ஸிசிலின் என்ற பெனிசிலின் வகை ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள், மூன்றாம் நாள் தடிப்பு வருகிறது, உடனே ‘பெனிசிலின் அலர்ஜி’ என்று ஃபைலில் ஏறிவிடுகிறது. அப்படிப் பெயர் வாங்கியவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த மருந்து ஒத்துக்கொள்கிறது. பல நேரம் தடிப்பு வந்தது வைரஸால். அதற்காக நீங்களே வீட்டில் கொடுத்துப் பார்க்கக் கூடாது. குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் ஒவ்வாமை நிபுணரிடம் கேட்டு அந்த வரியை எடுத்துவிட முடியுமா என்று பாருங்கள்.

ரத்தப் பரிசோதனை பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணமும் நிம்மதியும் அதிகம் போவது அங்கேதான். உறவினர் பேச்சைக் கேட்டு நாங்களும் நீளமான அலர்ஜி பேனல் ஒன்று எடுத்தோம். துவரம் பருப்பு, கோதுமை, இறால் எல்லாம் ‘பாசிட்டிவ்’. என் மகள் தவழ்கிற வயதிலிருந்து பருப்பு சாதத்தில் வளர்ந்தவள். மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரிக்காத குறை. அந்த எண்கள், உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்று மட்டுமே சொல்லும். சாப்பிட்டால் தடிக்குமா என்பதை அவை தனியாகச் சொல்லாது. திடீரென்று வரும் காணாக்கடிக்கு இப்படி மொத்தமாகச் சோதனை எடுக்கத் தேவையில்லை என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதலும். குறிப்பிட்ட உணவின் மேல் நியாயமான சந்தேகம் இருந்தால் அதற்கு மட்டும் எடுக்கலாம். வளரும் பிள்ளையைப் பாலும் முட்டையும் பருப்பும் இல்லாமல் வைத்திருப்பதுதான் எனக்குக் காணாக்கடியைவிடப் பெரிய கவலையாகத் தெரிகிறது.

சாப்பாட்டுப் பட்டியலை விட்டுவிட்டுத் தடிப்பையே கவனியுங்கள். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு மறுநாள் அதே நேரம் பாருங்கள். காணாக்கடி என்றால் அது 24 மணி நேரத்துக்குள் தடயமில்லாமல் மறைந்து வேறு இடத்தில் கிளம்பியிருக்கும். அதே இடத்தில் நின்று, அரிப்பைவிட வலி அதிகமாகி, கன்றிப்போன மாதிரி கறை விட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கை கால்களில் மட்டும் சின்னச் சின்னக் கொப்புளமாக, நடுவில் ஒரு புள்ளியோடு நாள்கணக்கில் இருந்தால் கொசுவோ மூட்டைப்பூச்சியோ நாயிடமிருந்து வரும் தெள்ளுப்பூச்சியோ கடித்ததாக இருக்கலாம். வீட்டில் மற்றவர்களுக்கு இல்லையே என்று அதைத் தள்ளிவிடாதீர்கள், ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி. ஓடியாடி வியர்த்தால் வருகிறதா, குளிர்ந்த நீர் பட்டால் வருகிறதா, ஸ்பூன் காம்பால் முதுகில் லேசாகக் கோடு போட்டால் சில நிமிடத்தில் கோடு தடித்து எழும்புகிறதா என்றும் பாருங்கள். இப்படித் தொடுதலும் குளிரும் சூடும் தூண்டுகிற வகைகளும் உண்டு. முக்கியமாக, ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். க்ளினிக்கில் டோக்கன் வாங்கி உட்காரும்போது உடம்பில் ஒரு புள்ளிகூட இருக்காது.

மருந்து விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்டிரிசின், லெவோசெட்டிரிசின் போன்றவற்றை எடைக்கு ஏற்ற அளவில் மருத்துவர் எழுதுவார். அரிக்கும்போது மட்டும் என்றில்லாமல், சொன்ன நாள் வரை தினமும் கொடுத்தால்தான் பிடிக்கும். அவில் மாதிரி பழைய மருந்துகள் தூக்கத்தை இழுக்கும், குழந்தை வகுப்பில் தூங்கி விழும். ஸ்டீராய்டு சிரப் பிரமாதமாகக் கேட்கும், அதனாலேயே மீதமிருக்கும் பாட்டிலை அடுத்த முறை நீங்களாக எடுத்துக் கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென் சிலருக்குத் தடிப்பைக் கூட்டும், காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலுக்கு ஈரத்துணியும் கலமைன் லோஷனும் இதமாக இருக்கும், வெந்நீர்க் குளியல் அரிப்பைக் கிளப்பும். என் மாமியார் வேப்பிலைக் கொத்தால் தடவி விடுவார். என் மகள் அதில் சுகமாகத் தூங்கிவிடுவாள், நானும் தடுக்கவில்லை. ஆனால் பெயர் தெரியாத இலையை அரைத்து உள்ளுக்குக் கொடுக்க வந்தால் மறுத்துவிடுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள் சில. தடிப்போடு மூச்சு வாங்கினாலோ, இருமலோ குரல் மாற்றமோ வந்தாலோ, நாக்கு வீங்கினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, குழந்தை துவண்டு விழுந்தாலோ உடனே 108. அதற்குத் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து, அலர்ஜி மாத்திரை அங்கே போதாது. காய்ச்சலோடு வரும் சிவப்புப் புள்ளிகளின் மேல் கண்ணாடி டம்ளரை அழுத்தியும் நிறம் மறையவில்லை என்றாலும் அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டெங்கு சீசனில் காய்ச்சலும் தோல் சிவப்பும் சேர்ந்து வந்தால் அதைக் காணாக்கடி என்று வீட்டில் முடிவு கட்ட வேண்டாம்.

உங்கள் பையனுக்கு இன்னும் பத்து நாள்தான் ஆகிறது. ஆறு வாரத்தைத் தாண்டினால்தான் நாள்பட்டது என்பார்கள். அப்போதும் காரணம் பெரும்பாலும் சாப்பாட்டில் இருக்காது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மாஸ்ட் செல்களைச் சீண்டுவதாகக்கூட இருக்கலாம், தேவைப்பட்டால் தைராய்டு உட்பட சில சோதனைகள் எழுதுவார்கள். இந்த வாரம் குழந்தை மருத்துவரைப் பார்க்கும்போது படங்களோடு, நிறுத்திவைத்த உணவுகளின் பட்டியலையும் கொண்டு போங்கள். பாலையும் முட்டையையும் பற்றி முதலில் கேளுங்கள்.