மல்லாட்டையில் (நிலக்கடலையில்) இலைப்புள்ளிக்கு மட்டும் க்யூடிஎல் வராதது ஏன்?

விருத்தாசலம் பக்கம் போட்ட எஃப்2 (ஒட்டுக்கட்டியதன் இரண்டாம் தலைமுறை) மல்லாட்டையில் துரு நோய்க்கு க்யூடிஎல், அதாவது எதிர்ப்புக் குணத்தோடு தொடர்புள்ள குரோமோசோம் பகுதி, கிடைத்தது, பின்பருவ இலைப்புள்ளிக்கு ஒன்றும் சிக்கவில்லை என்கிறீர்கள். மார்க்கரை (டிஎன்ஏ அடையாளக் குறியை) குறை சொல்வதற்கு முன் நோய்க்குப் போட்ட ஸ்கோரைப் பாருங்கள். 90ஆம் நாள் ஒரே தடவை எடுத்திருக்கிறீர்கள். அதற்குள் புள்ளி விழுந்த கீழ் இலையெல்லாம் உதிர்ந்திருக்கும். மிச்ச இலையை வைத்து மதிப்பெண் போட்டால் நோய் தின்ற செடியும் நல்ல செடியாகத்தான் தெரியும். மொட்டையாகிப்போன கணுக்களையும் கணக்கில் சேருங்கள். போதாததற்கு எஃப்2 ஒற்றைச் செடி, ரெப்ளிகேஷனே (அதே வகையைப் பல இடத்தில் நட்டு ஒப்பிடுவது) கிடையாது. அதே செடிகளின் விதையை ஆடிப்பட்டத்தில் எஃப்3 (அடுத்த தலைமுறை) குடும்பங்களாக விதைத்து, 70, 80, 90 நாட்களில் 1–9 அளவில் (1 நோயில்லை, 9 மிகக் கடுமை) ஸ்கோர் எடுங்கள். பெற்றோரில் ஒன்று இந்த இரு நோயையும் தாங்கும் ஜிபிபிடி 4 ரகம் என்பதால் ஏ03, ஏ02 இரண்டு குரோமோசோம்களிலும் தேடுங்கள். எண்ணெயிலுள்ள ஒலீயிக் அமிலத்துக்கும் க்யூடிஎல் தேட வேண்டுமா என்றால், அதற்குத் தனி மேப்பிங் எதற்கு? அந்த அமிலத்தின் அளவைத் தீர்மானிக்கும் எஃப்ஏடி2ஏ, எஃப்ஏடி2பி மரபணுக்களின் மார்க்கர்களே பெரும்பாலும் போதும்.