பிரான்சில் புவியியலும் வரலாறும் சுவாரசியமாக இருக்கும் ஒரு சின்னக் கிராமத்தைச் சொல்ல முடியுமா?

ரோக்ஃபோர். தெற்குப் பிரான்சின் அவெய்ரோன் மாவட்டத்தில், மியோ நகரிலிருந்து காரில் போனால் அரை மணி நேரம். ஐந்நூறு, அறுநூறு பேர் வாழும் ஊர். நீலப் பூஞ்சை ஓடிய, இதே பெயர் கொண்ட சீஸைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். ஊரைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

மலை சரிந்ததால் பிழைக்கும் ஊர் இது. ஊருக்கு மேலே கொம்பாலு என்ற சுண்ணாம்புக்கல் மலை. கனத்த பாறைக்கு அடியில் களிமண் கலந்த வழுக்கும் அடுக்கு. அது தாங்காமல் மலையின் வடக்கு விளிம்பு என்றோ சரிந்து, சுமார் 2 கி.மீ. நீளத்துக்குப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. அந்த இடுக்குகள்தான் குகைகள். பாறைப் பிளவுகள் வழியாகக் குளிர்ந்த ஈரக்காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். உள்ளூரில் இந்தப் பிளவுகளுக்கு ‘ஃப்ளெரீன்’ என்று பெயர். வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்தினாலும் உள்ளே 10 டிகிரியை ஒட்டித்தான். சீஸுக்குள் பூஞ்சை படர இதைவிட என்ன வேண்டும்? தெருவிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம். கதவைத் திறந்தால் மலைக்குள் மாடி மாடியாகக் கீழே இறங்கலாம்.

பக்கத்து லார்சாக் பீடபூமியும் சுண்ணாம்புக்கல்தான். மழைநீர் தங்காமல் உள்ளே இறங்கிவிடும். பெரிய விவசாயத்துக்கு வழியில்லை, செம்மறி மேய்க்கலாம். அதனால்தான் இந்தச் சீஸ் செம்மறிப்பாலில் செய்யப்படுகிறது.

காதலியைத் தேடிப்போன இடையன் ரொட்டியையும் சீஸையும் குகையில் மறந்தான், திரும்பி வந்தபோது பூஞ்சை படர்ந்திருந்தது, அப்படித்தான் இந்தச் சீஸ் பிறந்தது என்றொரு கதை சொல்வார்கள். சுற்றுலாக்காரர்களுக்கான கதை என்றே எனக்குப் படுகிறது.

ஆவணங்களில் இருக்கும் வரலாறு இன்னும் சுவையானது. இந்தக் குகைகளில் சீஸைப் பக்குவப்படுத்தும் தனியுரிமையை 1411இல் அரசர் ஆறாம் சார்ல் ஊர்க்காரர்களுக்கு எழுதிக்கொடுத்தார். 1666இல் துலூஸ் நீதிமன்றம் போலிச் சரக்கு விற்பவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1925இல் பெயரைக் காக்கத் தனிச் சட்டமே வந்தது. இன்றும் இங்குள்ள குகைகளில் குறைந்தது 14 நாள் இருந்தால்தான் ரோக்ஃபோர் என்று பெயர் போடலாம். குகைகளில் சீஸுக்கு உப்புத் தேய்த்து, திருப்பிவைத்து உழைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ‘கபானியேர்’ என்று அழைக்கப்பட்ட அவர்களைப் பற்றி அரச சாசனங்களில் தேடினால் கிடைக்காது.

ஹார்மோன் கொடுத்து வளர்த்த அமெரிக்க மாட்டிறைச்சியை ஐரோப்பா வாங்க மறுத்துவந்ததால், 1999இல் அமெரிக்கா பதிலடியாக ரோக்ஃபோர் உள்ளிட்ட பொருட்களுக்கு 100% வரி போட்டது. அதை எதிர்த்து லார்சாக் செம்மறி விவசாயி ஜோசே போவேயும் தோழர்களும் மியோவில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸைப் பிரித்துப் போட்டார்கள். அவர் சிறைக்குப் போனார், பிறகு ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் போனார். 2009இல் அமெரிக்கா அந்த வரியை 300% ஆக்கப்போவதாக அறிவித்து, சில மாதங்களில் பேச்சுவார்த்தை நடத்திக் கைவிட்டது.

போவதாக இருந்தால் கோடையிலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.