அந்த ‘ஏனோ’

கேள்வி: எனக்கு 46 வயது. கடவுள் நம்பிக்கை கிடையாது. அப்பா கருப்புச் சட்டைக்காரர். அவர் இருந்தவரை, அம்மா தேவாரம் பாடும்போது திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நானோ ராத்திரி ஹெட்போனில் ஓதுவார் ஒருவர் பாடும் அப்பர் பதிகத்தைக் கேட்டு அழுதுவிடுகிறேன். நம்பாத ஒன்றுக்கு உருகுவது போலித்தனம் இல்லையா? அம்மாவும் விடியற்காலையில் இதே பதிகத்தைத்தான் பாடுவார், சுருதி சேராது. ஆறரைக்கு எனக்கு ஆபீஸ் மீட்டிங் என்பதால் பதினோரு மணிக்கு மேல் பாடச் சொன்னேன். இப்போது ஏனோ அவர் பாடுவதே இல்லை. என் குழப்பத்துக்கு ஒரு வழி சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தம்பி, மார்கழி பிறந்தால் இந்தக் கேள்வியும் தபாலில் வந்துவிடும். அதனால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். போலித்தனம் இல்லை. சுமார் 1,600 வருடங்களுக்கு முன்னால் வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகஸ்டின், பாட்டின் பொருளைவிடப் பாடுகிற குரல் தன்னை அதிகம் அசைத்துவிட்டால் அது பாவம் என்று எழுதிவைத்தார். முழு நம்பிக்கையாளருக்கே அந்தத் தொல்லை. அப்படியும் தேவாலயத்தில் பாட்டே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இங்கே மட்டும் என்ன? நாகூர் ஹனிபாவின் குரலுக்குப் பட்டை போட்ட நெற்றிகள் ஆடியதை நானே பார்த்திருக்கிறேன். போதுமா?

இனி என் கேள்வி. ‘ஏனோ’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன ஏனோ? அதற்கு முந்தின வரியில் காரணத்தை நீங்களே எழுதிவிட்டு, அடுத்த வரியில் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல ‘ஏனோ’ என்கிறீர்கள்.

பதினோரு மணிக்குப் பாடு என்றால் என்ன அர்த்தம்? பகலுக்கு இன்னது, இரவுக்கு இன்னது என்று பண்களையே பிரித்து வைத்த மரபு இது. உங்கள் அம்மாவுக்குப் பண்ணின் பெயர் தெரியாமல் இருக்கலாம், விடியற்காலை தெரியும். வாசல் தெளித்து, விளக்கேற்றி, அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அவருக்கென்று இருந்த நேரம் அது ஒன்றுதான். அதைப் பிடுங்கிக்கொண்டு, சமையல் நடுவில் ஒரு துண்டைக் கொடுத்தீர்கள். அவர் வேண்டாம் என்று விட்டுவிட்டார். சண்டை போடவில்லை, அதனால் உங்களுக்கு அது ‘ஏனோ’ ஆகிவிட்டது.

அப்புறம், சுருதி சேராதாம்! அந்த ஓதுவார் குரலில் உங்கள் கண் கலங்குவதற்கு, தொட்டிலில் கிடந்தபோதே சுருதி சேராத ஒரு குரல் உங்கள் காதில் அந்தப் பதிகத்தை ஊற்றியதுதான் காரணம் என்பேன். கருப்புச் சட்டை போட்ட மனிதர் பேப்பரை மடிக்காமல் கேட்டுக்கொண்டு இருந்தாரே, அவருக்கு இது புரிந்திருந்தது. அவரிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டது நாத்திகத்தை மட்டும்தான் போலிருக்கிறது.

இசையில் எனக்கு ஒரு பயம் உண்டு. ராத்திரி அழுது முடித்தால் மனசு கழுவி விட்டாற்போல் இருக்கும். யாருக்கும் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாமல், நல்லவனாகிவிட்ட நினைப்பு வந்துவிடும். அடுத்த அறையில் பெற்றவள் வாயை மூடிப் படுத்திருக்க, ஹெட்போனுக்குள் உருகுகிறவனின் கண்ணீரை நான் பெரிதாக மதிக்க மாட்டேன். நீங்கள் கேட்கிற அப்பரையே பாருங்கள். சூலை நோயோடு சமணப் பள்ளியை விட்டுத் திருவதிகைக்கு ஓடிவந்தவர், பெரியபுராணத்தின்படி, முதலில் விழுந்தது அக்கா திலகவதியாரின் காலில். அந்த அம்மாள் திருநீறு கொடுத்து, விடியுமுன் கோயிலுக்கு அழைத்துப் போனார். முதல் பதிகம் அதற்கப்புறம்தான் பிறந்தது.

போய் மன்னிப்புக் கேட்காதீர்கள். “அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விடுவார். பாடச் சொல்லியும் கெஞ்சாதீர்கள். நாளைக்கு அவர் எழுந்திருக்கும் நேரத்துக்கு நீங்களும் எழுந்து, விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களே அந்தப் பதிகத்தை ஆரம்பியுங்கள். மூன்றாவது வரியில் தடுமாறுவீர்கள், கவலையில்லை. பிள்ளை தப்பாகப் பாடினால் திருத்தாமல் இருக்க அவரால் முடியாது. ஒரு நாளில் நடக்காவிட்டால் பத்து நாள் உட்காருங்கள்.

மீட்டிங்கை நினைத்தால், கம்ப்யூட்டரில் மியூட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அம்மாவுக்குப் பதிலாக அதை அழுத்தியிருக்கலாம்.